நாணயமும் தாளும்

"வாக்கு ஒன்றே போதும், தாள் எதற்கு?" என்பது மலேசியத் தமிழ் வணிகரிடையே இன்றும் பெருமையோடு கேட்கப்படும் கேள்வியாகும். சொன்ன சொல் தவறாதவன் என்று பெயர் எடுப்பதைவிடப் பெரிய முதல் வேறில்லை என எண்ணி வாழ்ந்த தலைமுறை ஒன்று இந்நாட்டில் இருந்தது. அத்தலைமுறையின் நாணயம் போற்றத்தக்கது. ஆனால், அந்நாணயத்தின் பெயரைச் சொல்லி இன்று நடைபெறும் கொடுக்கல் வாங்கல்கள் எத்தனை அண்ணன் தம்பியரைப் பிரித்துள்ளன, எத்தனை கடைகளின் கதவுகளை அடைத்துள்ளன என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

இதில் ஒரு வியப்பும் உண்டு. உடன்பிறந்த தம்பிக்குப் பத்தாயிரம் வெள்ளி கடன் கொடுப்பவர், அவனிடம் அரைத்தாள் எழுதி வாங்க நாணுகிறார். அவரே அடுத்த வாரம் மைத்துனரின் கடைக் கடனுக்குப் பிணை நிற்க வங்கிக்குச் செல்கிறார். அங்கே நீட்டப்படும் கட்டுத்தாளில் ஒரு வரியையும் படியாமல், விரல் வைத்துக் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டுத் திரும்புகிறார். உறவினரிடம் எழுத்துக் கேட்பது அவருக்கு அவமானம். அயலார் நீட்டும் எழுத்தைப் படித்துப் பார்ப்பதும் அவமானம். எழுத வேண்டிய இடத்தில் எழுதாமையும், படிக்க வேண்டிய இடத்தில் படியாமையும் ஒரே வேரிலிருந்து முளைத்த இரு கிளைகள். அவ்வேருக்கு நாணயம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதன் உண்மைப் பெயர் அறியாமை.

சட்டம் சொல்வது

ஒப்பந்தம் என்றாலே முத்திரைத் தாளும் வழக்கறிஞரும் வேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. மலேசியாவின் ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றி எழுந்தது. 1899இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மலாய் மாநிலங்களில் வேரூன்றி, 1950ஆம் ஆண்டுச் சட்டமாக விரிந்து, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. அதன் 10ஆம் பிரிவு கூறுவது எளிது. தகுதியுடையோர், தம் சொந்த விருப்பத்தோடு, சட்டத்திற்கு முரணில்லாத நோக்கத்திற்காக, கைம்மாறு கருதிச் செய்துகொள்ளும் உடன்பாடு ஒப்பந்தமாகும். வேறொரு சட்டம் எழுத்தைக் கட்டாயமாக்கியிருந்தாலன்றி, வாய்மொழி உடன்பாடும் முழு ஒப்பந்தமே. சந்தையில் தலையசைத்து முடித்த பேரமும் ஒப்பந்தம். கடை வாசலில் நின்று கொடுத்த வாக்கும் ஒப்பந்தம்.

"அப்படியானால் வாக்கே போதுமே, சட்டமே அவ்வாறு கூறுகிறதே" என்று வாக்கின் பெருமை பேசுவோர் மகிழக்கூடும். அம்மகிழ்ச்சி நீதிமன்ற வாசல்வரைதான் நிலைக்கும். ஒப்பந்தம் இருந்தது என்பது வேறு. இருந்ததை மெய்ப்பிப்பது வேறு. 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 101ஆம் பிரிவு, ஒன்று நடந்தது என்று கூறுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது. கொடுத்தவர் கொடுத்தேன் என்கிறார். வாங்கியவர் அது கடனில்லை, அன்பளிப்பு என்கிறார். இருவருக்கும் இடையே தெய்வந்தான் சாட்சி. தெய்வத்திற்கு அழைப்பாணை அனுப்ப எந்த நீதிமன்றத்திற்கும் அதிகாரமில்லை.

அதைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது ஒப்பந்தச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. கைம்மாறு ஏதுமின்றிக் கொடுத்த வாக்குறுதி செல்லாது என்பது அப்பிரிவின் பொதுவிதி. அதற்கு விலக்கும் உண்டு. நெருங்கிய உறவினர் தமக்குள் இயல்பாக நிலவும் அன்பினால் தரும் வாக்குறுதி செல்லும். ஆனால் அஃது எழுத்தில் அமைந்திருக்க வேண்டும். பதிவு செய்யச் சட்டம் இருப்பின் பதிவும் செய்யப்பட்டிருக்க வேண்டும். அன்பு இருக்கும் இடத்தில் எழுத்து எதற்கு என்று சமுதாயம் கேட்கிறது. அன்பினால் கொடுத்த வாக்கா, அப்படியானால் எழுத்தைக் காட்டு என்று சட்டம் கேட்கிறது. "கடையில் பாதி உனக்குத்தான்" என்று தம்பியிடம் சொல்லிச் சொல்லியே பதினைந்து ஆண்டுகள் உழைப்பு வாங்கிய அண்ணன் கண்ணை மூடிய பின், அந்தத் தம்பி அண்ணியின் முன்னும் அண்ணன் மக்களின் முன்னும் வெறுங்கையோடு நிற்பது இதனால்தான்.

கூட்டு வணிகத்திலும் நிலைமை இதுவே. இருவர் சேர்ந்து கடை திறக்கின்றனர். ஒருவர் எண்பதாயிரம் வெள்ளி போடுகிறார்; மற்றவர் இருபதாயிரம் போடுகிறார். பங்கு எவ்வளவு என்று பேசிக்கொள்ளக் கூச்சம். பிரிவு வரும்போது 1961ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் குறுக்கே வருகிறது. வேறு உடன்பாடு இருந்ததாகத் தெரியாவிடில், கூட்டாளிகள் முதலிலும் இலாபத்திலும் சம பங்குடையவர் என்பதே அதன் பொதுவிதி. பேசக் கூசியதைச் சட்டம் தானே பேசி முடித்துவிடுகிறது. அம்முடிவு ஒருவருக்கு அநீதியாகத் தோன்றும். ஆனால் குற்றம் சட்டத்தின்மீது இல்லை.

எழுத்து தமிழருக்குப் புதிதா?

எழுதி வாங்குவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம், தமிழர் பண்பு வாய்மொழிப் பண்பு என்று சிலர் மேடைகளில் முழங்குகின்றனர். வரலாறு அதற்கு மாறாகச் சான்று பகர்கிறது.

சோழர் காலத்துக் கோயில் சுவர்கள் பலவும் ஒப்பந்தங்களால் நிறைந்தவை. நந்தா விளக்கு ஒன்று எரிய 90 ஆடு என்றும் 96 ஆடு என்றும் கணக்கிட்டு, அவற்றைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் எவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்பதைக் கல்லிலேயே வெட்டிவைத்தனர். ஆடுகள் 'சாவா மூவாப் பேராடுகள்'. அவை செத்தாலும் மூத்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது என்பது நிபந்தனை. கோயிலுக்குச் செய்யும் தருமத்திலேயே தமிழர் எண்ணும் எழுத்தும் தவறவில்லை. கடவுளோடு கணக்கு எழுதிக்கொண்ட இனத்தவர் மைத்துனரோடு எழுதிக்கொள்ள வெட்கப்படுவது விந்தையே.

பெரியபுராணத்தில் சுந்தரர் வரலாறு ஒரு வழக்கிலிருந்தே தொடங்குகிறது. திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் வந்து, மணமகன் தமக்கு அடிமை என்கிறார். அதற்கு ஓலையும் உண்டு என்கிறார். சுந்தரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. கிழிந்தது படியோலை, மூலவோலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் முதியவர். அவையோர் மூலவோலையைப் படிக்கச் செய்து, பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர். வழக்கமாக நிலவும் ஆட்சி, ஆவணம், கண்டவர் சாட்சி என மூவகைச் சான்றுகளை அவ்வரலாறு பேசுகிறது. படியும் மூலமும் வெவ்வேறு என்பதையும், மூலத்தைக் காத்தவனே வெல்வான் என்பதையும் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஒரு பக்தி நூல் தமிழருக்குச் சொல்லிவைத்திருக்கிறது. சிவபெருமானே ஓலையோடுதான் வழக்காட வந்தார்.

மலாயாவிற்கு வந்த நகரத்தாரின் பேரேடுகளை அறியாதார் இலர். தம்மினத்தாரோடும் பங்காளிகளோடும் கொடுத்து வாங்கியதைக்கூட அவர்கள் எழுதாமல் விட்டதில்லை. எழுதியதனால் அவர்களுக்குள் அன்பு குறைந்தது என்று எவரும் சொன்னதில்லை.

அப்படியாயின், எழுத்தைக் கண்டு அஞ்சும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கும் வரலாற்றில் விடையுண்டு. 1910இல் நிறுத்தப்படும் வரையில், ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். எழுத்தறியாத அவர்களைக் கட்டியது அவர்களால் படிக்க முடியாத ஒரு தாள். ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு ஓடிய தொழிலாளிக்குச் சிறைத்தண்டனையும் காத்திருந்தது. 'ஒப்பந்தம்' என்ற சொல்லே அவர்கள் காதில் விலங்கின் ஒலியாகக் கேட்டதில் வியப்பில்லை. தாள் என்பது துரையின் ஆயுதம்; அதைக் கேள்வி கேட்கக் கூடாது; காட்டிய இடத்தில் பெருவிரலைப் பதிக்க வேண்டும் என்ற பாடம் அங்கே கற்பிக்கப்பட்டது. பாட்டன் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தான். அவன் பேரன் பட்டம் பெற்ற பின்னும் படியாமல் கையெழுத்து வைக்கிறான். பாட்டன் மேல் பரிவு கொள்ளலாம். பேரனுக்கு என்ன சமாதானம் சொல்வது?

பிணைக் கையெழுத்து

இவ்வறியாமையின் விலை முழுவதும் வெளிப்படும் இடம் பிணைக் கையெழுத்து. 'ஜாமீன் கையெழுத்து' என்று வழக்கில் கூறப்படும் அதனை ஓர் உபகாரம் என்றே பலரும் கருதுகின்றனர். "சும்மா ஒரு கையெழுத்துத்தானே, மாமா" என்று கேட்கப்படுகிறது. "சும்மா ஒரு கையெழுத்துத்தானே" என்று போடப்படுகிறது. சட்டத்தில் 'சும்மா' என்ற சொல்லுக்கு இடமில்லை.

ஒப்பந்தச் சட்டத்தின் 81ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கூறப்படாவிடில், பிணையாளரின் பொறுப்புக் கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. கடன் வாங்கியவரை முதலில் துரத்திப் பிடித்துவிட்டுப் பிறகுதான் பிணையாளரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. கடனாளியை விட்டுவிட்டுப் பிணையாளர்மீது மட்டும் வழக்குத் தொடுக்கவும் அவருக்கு உரிமையுண்டு. ஓடிப்போனவனைத் தேடுவதைவிட வீட்டில் இருப்பவனைப் பிடிப்பது எளிதல்லவா?

அதே சட்டம் பிணையாளருக்குச் சில காப்புகளையும் அளித்துள்ளது. அவரைக் கேளாமல் கடனின் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்திற்குப் பிந்திய பொறுப்பிலிருந்து அவர் விடுபடுகிறார் என்கிறது 86ஆம் பிரிவு. அவர் இசைவின்றிக் கடனாளிக்குத் தவணை நீட்டித் தருவதாக உடன்பட்டாலும் விடுபடுகிறார் என்கிறது 88ஆம் பிரிவு. ஆனால் அச்சிட்ட பிணைத் தாள்களைப் படித்துப் பார்ப்போர் அறிவர்: தவணை நீட்டினாலும், நிபந்தனை மாறினாலும் என் பொறுப்புக் குறையாது என்று பிணையாளரே ஒப்புக்கொள்ளும் வாசகங்கள் அவற்றில் வழக்கமாக இடம்பெறுகின்றன. சட்டம் ஒரு கையால் கொடுத்த குடையை, தாள் மறு கையால் மடக்கி எடுத்துக்கொள்கிறது. அக்குடையை மடக்கிக் கொடுத்தவர் கையெழுத்திட்டவரே.

"நான் படித்துப் பார்க்கவில்லை, அவர்கள் விளக்கவில்லை" என்பது விடையாகாது. இங்கிலாந்தில் 1934இல் முடிவான ஒரு வழக்கில், சிற்றுண்டிக் கடை நடத்திய ஒரு பெண்மணி சிகரெட்டு விற்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். இயந்திரம் வேலை செய்யவில்லை. ஆனால் அவர் கையெழுத்திட்ட தாளில், சிறிய எழுத்தில், நிறுவனத்தின் பொறுப்பை நீக்கும் விதி இருந்தது. ஏமாற்றோ திரித்துக் கூறலோ இல்லாதபோது, படியாமல் கையெழுத்திட்டவரும் கட்டுப்பட்டவரே என்று தீர்ப்பாயிற்று. மலேசிய நீதிமன்றங்களும் அவ்விதியையே பின்பற்றி வந்துள்ளன. வங்கி அலுவலர் வாய்மொழியாக வேறு விதமாகச் சொன்னார் என்று வாதிடுவதும் எளிதன்று. எழுத்தில் அமைந்த ஒப்பந்தத்தை மாற்றவோ மறுக்கவோ வாய்மொழிச் சான்றைச் சான்றுச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, சில விலக்குகள் நீங்கலாக, ஏற்பதில்லை.

திவால் சட்டம் பல காலம் பிணையாளர்களை வதைத்தது. தாம் ஒரு காசும் அனுபவிக்காத கடனுக்காகத் திவாலானவர்கள் பலர். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் 'சமூகப் பிணையாளர்' என்ற வகையினருக்கு ஓரளவு காப்பளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்களுக்கு எதிராகத் திவால் மனு கொடுப்பதையே தடுத்தது. கடனின் அளவும் 30,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாகவும், பின்னர் 100,000 வெள்ளியாகவும் உயர்ந்தது. அதற்குக் குறைந்த கடனுக்குத் திவால் மனு இல்லை. இவை நல்ல திருத்தங்கள். இவற்றைக் கேள்வியுற்றுப் "பிணையாளருக்கு இனிப் பயமில்லை" என்று பேசுவோரும் உளர். அது பேராபத்தான பேச்சு.

சமூகப் பிணையாளர் என்பார் யார்? இலாபம் கருதாமல், கல்விக் கடனுக்கோ உபகாரச் சம்பளத்திற்கோ, சொந்தப் பயனுக்கான வண்டியின் வாடகைக் கொள்முதலுக்கோ, தாம் குடியிருக்க வாங்கும் வீட்டின் கடனுக்கோ பிணை நிற்பவர் மட்டுமே. மைத்துனரின் கடைக் கடனுக்கும், மாப்பிள்ளையின் லாரித் தொழிலுக்கும் கையெழுத்திட்டவர் இவ்வகையில் அடங்கார். அத்தகையோர்மீது திவால் மனு கொடுக்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்ற ஒரு தடுப்பு மட்டுமே உண்டு. மேலும், திவாலிலிருந்து காப்பு என்பது கடனிலிருந்து காப்பு ஆகாது. வழக்குத் தொடுக்கலாம்; தீர்ப்புப் பெறலாம்; உடைமையைப் பறிமுதல் செய்து விற்கலாம்; வங்கிக் கணக்கிலுள்ள பணத்தை முடக்கலாம். இவற்றிற்கெல்லாம் தடையில்லை.

மலேசியச் சட்டத்திலும் ஒரு குறை உண்டு. அதனைச் சுட்டாமல் சமுதாயத்தை மட்டும் குறை கூறுவது முறையாகாது. 79ஆம் பிரிவின்படி, பிணை எழுத்தில் இருக்கலாம், வாய்மொழியாகவும் இருக்கலாம். கடலிடுக்குப் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர்ச் சட்டம் வேறு. அங்கே பிணை எழுத்தில் இல்லாவிடில் அதன்மீது வழக்குத் தொடுக்க இயலாது. பிறர் கடனை ஏற்கும் பொறுப்பு அத்துணைப் பெரிது என்பதனால்தான் பழைய ஆங்கிலச் சட்டம் எழுத்தைக் கேட்டது. 2001இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இன்னும் ஒரு படி மேலே சென்றது. கணவரின் கடனுக்கு மனைவி பிணை நிற்கையில், அதன் பொருளையும் ஆபத்தையும் ஒரு வழக்கறிஞர் அவளுக்கு விளக்கினார் என்பதை வங்கி உறுதிசெய்துகொள்ள வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அத்தகைய கடமை ஒன்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். பிணையாளர் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க நேரிடும் என்பதை ஒரே பக்கத்தில், அவர் அறிந்த மொழியில் எழுதித் தராத பிணை செல்லாது என்று ஒரு விதி வருமாயின், பல வீடுகள் தப்பும்.

"அவ்வாறு கெடுபிடி செய்தால் ஏழைகளுக்குக் கடனே கிடைக்காது" என்று கடன் கொடுப்போர் கூறுவர். உண்மையைச் சொன்னால் கையெழுத்துக் கிடைக்காது என்பதே அவ்வாதத்தின் பொருள். உண்மை தெரிந்தால் எவரும் போடாத கையெழுத்தை, உண்மையை மறைத்துப் பெறுவது எந்த வகை வணிகம்?

சட்டத்திற்கு வெளியே

வங்கித் தாளைப் படியாதவர்கள், தமக்குள் நடத்தும் ஏற்பாடுகளில் சட்டத்தையே எண்ணுவதில்லை. 'கூட்டு' என்னும் சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய சட்டம் ஒன்று 1971இல் மலேசிய நாடாளுமன்றத்தில் இயற்றப்பட்டது. கூட்டு, சீட்டு எனப் பல பெயர்களில் வழங்கும் ஏற்பாட்டை நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை அது தடுக்கிறது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்னும் கல்யாணச் செலவுக்கும் தீபாவளிச் செலவுக்கும் கூட்டு போடுவோர் இருக்கின்றனர். சட்டம் தடுத்த காரியத்திற்கான உடன்பாடு செல்லாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை. நடத்தியவர் பணத்தோடு மறைந்தபின், ஏமாந்தவர் நீதிமன்றத்தில் சொல்லத் தொடங்கும் முதல் வாக்கியமே அவருக்குப் பகையாகிறது.

வட்டிக்குக் கொடுப்பதும் அவ்வாறே. உரிமம் பெறாதவர் கடன் கொடுக்கும் தொழில் நடத்தினால், அக்கடனை நீதிமன்றத்தின் வழியே வசூலிக்க இயலாது என்கிறது 1951ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டம். வட்டியோடு கொடுத்த ஒரே ஒரு கடன்கூட, கொடுத்தவர் அத்தொழில் நடத்துபவர் என்ற ஊகத்திற்கு இடந்தரும் வகையில் 2011இல் அது திருத்தப்பட்டது. நண்பருக்குக் கடன் கொடுத்தவர் "ஏதோ கொஞ்சம் வட்டி" என்று சேர்த்துக்கொண்டால், அக்கொஞ்சம் அசலையே விழுங்கக்கூடும்.

நீதிமன்றப் படி

"சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல்" என்பது பழமொழி. நீதிமன்றப் படியேறுவது குடும்ப மானத்திற்கு இழுக்கு என்ற எண்ணத்தை இப்பழமொழி வளர்த்துவந்திருக்கிறது. செலவையும் காலத்தையும் எண்ணினால் அவ்வெண்ணத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. எனினும், படியேற மாட்டார்கள் என்று தெரிந்தவர்களுக்கு எதிராகத்தான் தாள்கள் துணிந்து எழுதப்படுகின்றன.

ஒரு வழக்கு இதனை விளக்கும். வீடு வாங்க வங்கிக் கடன் பெற்ற இருவர், கட்டுமான நிறுவனத்திற்குச் செலுத்த வேண்டிய தொகையை வங்கி உரிய காலத்தில் செலுத்தாததால் தம் வீட்டு ஒப்பந்தத்தையே இழந்தனர். எந்த நிலையிலும் வங்கி இழப்பீட்டிற்குப் பொறுப்பாகாது என்ற விதி கடன் ஒப்பந்தத்தில் இருந்தது. உயர் நீதிமன்றம் அவ்விதியை ஏற்று அவர்கள் வழக்கைத் தள்ளியது. அவர்கள் திரும்பிப் போகவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஒருவர் தம் உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவதை முற்றாகத் தடுக்கும் உடன்பாடு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி செல்லாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். இருவர் படியேறியதால், அத்தகைய விதிகளில் கையெழுத்திட்ட எண்ணற்றோருக்கு வழி பிறந்தது.

ஆயினும், எல்லாரும் மூன்று நீதிமன்றங்கள் ஏற முடியுமா? இங்கே அரசு பதில் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் இல்லாமலே வழக்காடும் சிறுகோரிக்கை முறைக்கு 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் வகுத்த எல்லை 5,000 வெள்ளி. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தின் எல்லை 2019இல் 50,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஆனால் அது பயனீட்டாளருக்கு உரியது. வணிகத்திற்காகப் பொருள் வாங்கிய சிறு கடைக்காரர் அங்கே நுழைய இயலாது. சிங்கப்பூரில் 1985 முதல் இயங்கும் சிறுகோரிக்கை மன்றங்களின் எல்லை 2019இல் 20,000 வெள்ளியாகவும், இருதரப்பும் இசைந்தால் 30,000 வெள்ளியாகவும் உயர்ந்தது. ஐயாயிரத்திற்கு மேலும் வழக்கறிஞர் கட்டணத்திற்குக் கீழும் நிற்கும் தொகைகளே சிறு வணிகரின் உயிர்நாடி. பன்னிரண்டாயிரம் வெள்ளிக்குச் சரக்குக் கொடுத்து ஏமாந்தவர், அதனை மீட்க எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்து வாய்மூடி வீடு திரும்புகிறார். அவருடைய மௌனத்தைப் பொறுமை என்று பாராட்டுவது கொடுமை. அவ்வெல்லையை உயர்த்துமாறு தமிழர் வணிகச் சங்கங்கள் ஒரே குரலில் கேட்டிருக்க வேண்டாமா?

செய்ய வேண்டுவன

சட்டம் திருந்தும்வரை சமுதாயம் காத்திருக்க வேண்டியதில்லை. அரைத்தாள் போதும். கொடுப்பவர் பெயர், வாங்குபவர் பெயர், அடையாள அட்டை எண், தொகை, நாள், எதற்காக, எப்போது திருப்பித் தரப்படும் என்பன எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு சாட்சியும் கையெழுத்திட்டால், பின்னாளில் வரும் வழக்குகளில் பாதி எழாமலே போகும். எந்த மொழியில் எழுதினாலும் ஒப்பந்தமே. நீதிமன்றத்திற்கு வரும்போது மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கும், அவ்வளவே. உரிய முத்திரைத் தீர்வையையும் செலுத்திவிட வேண்டும். தீர்வை செலுத்தாத ஆவணத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பணத்தைக் கையில் கொடுப்பதைவிட வங்கி வழியாகக் கொடுப்பது நன்று. அப்பதிவு ஒரு நாளும் பொய் சொல்லாது.

காலத்தையும் மறத்தலாகாது. தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்த வழக்கிற்கு 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தரும் கெடு ஆறு ஆண்டுகள். "தம்பி எங்கே போய்விடுவான்" என்று ஏழாண்டு காத்திருந்தவருக்குத் தம்பி எங்கும் போகமாட்டான்; உரிமைதான் போய்விடும். கெடு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட ஒரு சிறு குறிப்புப் பெற்றாலே ஆறாண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

கோயில்களும் சங்கங்களும் ஆண்டுதோறும் நடத்தும் விழாக்களின் நடுவே, ஓர் அரைநாளை ஒதுக்கலாகாதா? இளம் வழக்கறிஞர்கள் பலர் இச்சமுதாயத்திலேயே உள்ளனர். ஒரு பிணைத் தாளைக் கையில் கொடுத்து, இதன் பொருள் என்ன என்று வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னால், அது பத்துப் பட்டிமன்றங்களைவிடப் பயன் தரும். தமிழ் எழுத்தாளர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. சட்டத்தின் மொழியை மக்களின் மொழியாக்காத இலக்கியம், அவர்களின் கண்ணீரை மட்டும் கதையாக்கிக்கொண்டிருக்கும்.

வீட்டிலும் ஒரு மாற்றம் வேண்டும். பிணைக் கையெழுத்துக் கேட்டு வருபவருக்கு "எவ்வளவு, எதற்கு, எத்தனை ஆண்டு, நீ கட்டாவிட்டால் நான் கட்ட முடியுமா?" என்ற நான்கு கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. கட்ட முடியாதெனில் மறுப்பதே உண்மையான உதவி. முகத்துக்கு அஞ்சி இடும் கையெழுத்து, பின்னர் அம்முகத்தையே பார்க்க விடாமல் செய்துவிடுகிறது.

தமிழர் கடைகளில் "கடன் அன்பை முறிக்கும்" என்றெழுதிய பலகை தொங்குவதைக் காணாதவர் இல்லை. அப்பலகை சொல்வதில் பாதிதான் உண்மை. கல்லில் வெட்டிய கடனால் அன்பு முறிந்ததில்லை. ஓலையில் எழுதிய கடனால் முறிந்ததில்லை. பேரேட்டில் பதிந்த கடனாலும் முறிந்ததில்லை. எழுதப்படாத கடனும், படிக்கப்படாத கையெழுத்துமே அன்பை முறிக்கின்றன. நாணயமுள்ளவன் தாளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. தான் சொன்னதையே அது திருப்பிச் சொல்லும் என்பதை அவன் அறிவான்.